கொம்பையா குளித்தார், உலகம்மாள் நடுங்கினாள்

ராஜா இருந்த ஊருக்கு ராஜா கதை உண்டு, பூதம் காத்த ஊருக்குப் பூதத்தின் கதை உண்டு. மலையடிவாரத்து அடவிநல்லூரில் இருந்ததெல்லாம் மெத்தைக்கடைக் கொம்பையாவும் அவரைப் போலவே இன்னும் எழுபத்திரண்டு ஆம்பிளைகளும்தான் என்பதால், வேறு வழியில்லாமல் அவர்கள் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த வாரம், வாகைவேந்தன் என்று ஒருவர் மதுரைப் பக்கமிருந்து வந்து இறங்கினார். தாய் தகப்பன் வைத்த பெயர் சுடலைமணி. கல்யாண மண்டபத்தை ஒரு நாளைக்குப் பிடித்து, கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி, சுகம்தான் மனுசனைக் கொல்லுகிறது, மெத்தை கொல்லுகிறது, வெந்நீர் கொல்லுகிறது, மின்விசிறி கொல்லுகிறது, தினம் ஒரு சிரமத்தை நாமாகவே தேடிப்போய்ச் செய்தால் தொண்ணூறாவது நாள் மனசு இரும்பாகிவிடும், அப்புறம் எமனே வந்தாலும் வாசலில் நின்று உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான் என்று மூன்று மணி நேரம் பேசினார். உட்கார்ந்து கேட்டவர்கள் யாரென்றால், சாப்பிட்ட தட்டைத் தன் கையால் ஒருநாளும் எடுத்தறியாதவர்கள், சட்டையில் பித்தான் அறுந்தால் பெண்டாட்டி தைத்துக் கொடுக்கும்வரை தெருவில் இறங்காதவர்கள், ரசத்தில் உப்புக் கூடினால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்கே வைரநெஞ்சர் சபை உண்டாயிற்று. எழுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். முஷ்டி மடக்கிய படம் போட்ட பச்சை பனியன் ஆளுக்கொன்று கிடைத்தது. மெத்தை கொல்லுகிறது என்றதற்கு முதல் வரிசையிலிருந்து ரொம்ப நேரம் கைதட்டியவர் கொம்பையா. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இலவம்பஞ்சு மெத்தை விற்றுத்தான் சாப்பிடுகிறது.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கொம்பையா கிணற்றடியில் நின்று முதல் வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தபோது, அடுப்படியில் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி உலகம்மாளுக்கு உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை குளிர் இறங்கியது. சேலை நனையவில்லை, முடி நனையவில்லை, முன்னால் அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, ஆனாலும் பல் கிட்டித்து உதடு நீலம் பாரித்துப்போனது. இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி என்று பத்து வாளிக்கும் அவள் அடுப்பைக் கட்டிக்கொள்ளாத குறையாகக் குத்தவைத்திருந்தாள். கொம்பையா ஈரத்துண்டோடு உள்ளே வந்தார்.

"என்னமோன்னு பயந்தேன். ஒன்னுமே தெரியல பாத்துக்கோ. பச்சத்தண்ணியா வென்னியான்னே தெரியல. எல்லாம் மனசுலதான் இருக்கு," என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு, காப்பி இன்னும் ஏன் கலக்கவில்லை என்று கேட்டார்.

அன்றைக்குத் தெருவில் போட்டிருந்த கோலம் பூராவும் நெளிந்து கிடந்தது. எதிர்வீட்டுச் செண்பகம் டீச்சர், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்று உலகம்மாளைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் பத்து வாளியா மைனி?"

"பத்து."

"எங்க வீட்டுல அஞ்சோட நிறுத்திட்டாக. ஆனா இப்ப செருப்பில்லாம நடந்துட்டு வாராக போல. குதிகால் எரியுது," என்றாள் டீச்சர். இரண்டு பேருக்கும் இட்லிக்கு ஊற்ற வேண்டியிருந்தது, உள்ளே போனார்கள்.

ஆம்பிளை படுகிற சிரமம் ஏன் பொம்பிளை உடம்பில் வந்து இறங்குகிறது என்று அடவிநல்லூரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்கிறார்களா, குடையை எடுக்கிறார்கள். அதைப்போல ஊர் தன் பாட்டுக்கு ஒதுங்கி இடம் கொடுத்தது. பால்காரர் பெண்களின் கை நடுங்கிப் பால் கீழே சிந்துவதைப் பார்த்து அகல வாய்ப் பாத்திரமாக எடுத்து வரச் சொன்னார். கம்பளிக்காரர்கள் கரூர்ப் பக்கமிருந்து மூட்டையோடு வந்து சபைக்காரர் வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சீட்டில் காய்ச்சல், சளி என்று எழுதுகிற இடத்தில் சபை நடுக்கம் என்று எழுதப் பழகிக்கொண்டார். மார்கழிக் கோலப்போட்டியில் நெளிகோலத்துக்கென்று தனிப் பரிசு வைத்தார்கள். செண்பகம் டீச்சர் விசேஷ வகுப்பில் காலை ஐந்தரைக்குக் கரும்பலகையில் எழுதிய நடுங்கெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளைகள் எல்லாருக்கும் அனா ஆவன்னாவே கொடி மாதிரிதான் வந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி வட்டார வழக்கு என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணுக்குப் பாட்டு வருமா, சமையல் வருமா என்று கேட்பதை விட்டுவிட்டு, குளிர் தாங்குமா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

குளிர் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. சபையில் சனிக்கிழமை பாகற்காய்ச் சாறு. அன்றைக்கு ஊர்ப் பெண்கள் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் வாய் கசந்தது. செவ்வாய்க்கிழமை பட்டினி, உலகம்மாள் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டும் காது அடைத்துக் கண் இருட்டிக் கிடந்தாள், கொம்பையாவோ ஒரு பருக்கை உள்ளே போகாமல் ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்தார். வெறுந்தரையில் படுப்பது என்று ஒரு வாரம். அவர் சிமென்ட் தரையில் கட்டையைப் போலக் கிடந்து குறட்டை விட, மூன்று மெத்தையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் படுத்த உலகம்மாளுக்கு முதுகு விண்டுபோனது. சபையில் ஒரு தாசில்தார் இருந்தார், பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. பாவம், அவர் சிரமம் அவரிடமே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் அலுவல் அதிகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். இரும்புக்கடை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை, இரண்டு பேர் குளிரும் பெற்றவள் ஒருத்தி மேலேயே இறங்கி அவள் காய்ச்சலில் விழுந்தாள். பார்க்கப் போனவர்கள் எல்லாரும், இப்படி நெஞ்சுரம் உள்ள பிள்ளைகளைப் பெற என்ன புண்ணியம் செய்தாளோ என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டு வந்தார்கள்.

நாலாம் நாளே உலகம்மாள் புருசனிடம் சொல்லிப் பார்த்தாள். நீங்க ஊத்துற தண்ணி என் மேல விழுது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். கொம்பையா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"அப்படியா," என்றார். "அதான் எனக்குத் தெரிய மாட்டேங்குதோ. சரி, நல்லதுதான. குடும்பம்னா சுமையப் பகுந்துக்கிடணும்."

மறுநாளிலிருந்து பத்து வாளியை இருபது வாளி ஆக்கினார்.

இந்த இடத்தில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும்: சபையில் மிஞ்சிய எழுபத்திரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். வாகைவேந்தனுக்கு எல்லாருக்கும் முந்தியே தெரியும்; அவர் மனைவி எழுந்து நடக்க முடியாமல் திண்டுக்கல்லில் பிறந்த வீட்டில் கிடப்பதாக அவரோடு வந்த டிரைவர் டீக்கடையில் சொன்னான். தெரிந்தும் அவர்கள் தினமும் காலை ஆறு மணிக்குத் தேரடியில் வரிசையாக நின்று, ஒவ்வொருத்தராக மைக்கைப் பிடித்து, இன்றைக்கு நான் என்ன சிரமம் செய்தேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். பெண்களுக்கும் மரியாதை செய்யாமல் விடவில்லை. ஐம்பதாவது நாள் உறுதுணைச் செல்வி என்று அச்சடித்த காகிதமும் மூடி போட்ட எவர்சில்வர் சம்படமும் வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். சம்படம் மெலிசு, ஒரு மாதத்தில் நசுங்கிப்போனது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், சிரமம் எங்கே போகிறதோ அங்கேதான் உரமும் போகும் என்பது அந்த மரமண்டைகளுக்கு உறைக்கவே இல்லை. உலகம்மாளுக்கு நாளாக ஆகக் கை காய்த்தது, மனசும் காய்த்தது. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கினாள், பல் பிடுங்க ஊசி வேண்டாம் என்றாள், முன்பெல்லாம் வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே தலைப்பைச் சரிசெய்கிறவள் இப்போது நேருக்கு நேர் பார்த்து என்ன வேணும் என்று கேட்டாள். கொம்பையாவோ நாளுக்கு நாள் அவருடைய சரக்கைப் போலவே பொதுபொதுவென்று ஆகிக்கொண்டு வந்தார். ஒரு கொசு கடித்தால் கைகாலை உதறினார். கரண்ட் முக்கால் மணி நேரம் போனதற்கு அழுகிற மாதிரி ஆகிவிட்டார். கழுத்தில் மட்டும் எழுபது நாள் வீரர் என்று பட்டை போட்ட பதக்கம் தொங்கியது.

எண்பத்தெட்டாவது நாள் சபை தேனூத்து அருவிக்குப் போனது. மலையில் முந்தின நாள் பெய்த மழை பனிக்கட்டியாக இறங்கிக்கொண்டிருந்த அருவியில் எழுபத்திரண்டு பேரும் வரிசையாக அரை மணி நேரம் நின்றார்கள். உலகம்மாள் அன்றைக்குக் கம்பளி மூன்று சுற்றி, இடுப்பில் வெந்நீர்ப் பை கட்டி, கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது குளிரே இல்லை, பாறாங்கல். அவள் தோளில் விழுந்து, கழுத்தில் விழுந்து, மூச்சு விட இடம் கொடுக்காமல் விழுந்துகொண்டே இருந்தது. நினைவு வந்தபோது செண்பகம் டீச்சர், தன் உடம்பே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருக்க, அவள் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"உலகம்மாக்கா, இது சபை நடுக்கம் இல்ல. நெஞ்சு நின்னு நின்னு ஓடுது. இன்னொரு தடவை அருவியில நின்னாருன்னா நீங்க தாங்க மாட்டீங்க. வீட்டுல சொல்லிருங்க."

வீட்டில் சொல்ல வேண்டியவர் சாயங்காலம் மாலையோடு வந்து சேர்ந்தார். அருவியில் நின்றது கூடத் தெரியவில்லை, யாரோ முதுகைத் தடவிக் கொடுத்த மாதிரி இருந்தது என்றார். சபையில் புதிதாக ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: தொண்ணூறு நாள் முடிந்ததும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தொரு நாள், தினம் ஒரு மணி நேரம் அருவி. முதல் ஆளாகக் கை தூக்கியது கொம்பையா.

உலகம்மாள் நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். செத்துப்போவேன் என்றும் சொன்னாள். கொம்பையா மாலையை ஆணியில் மாட்டினார்.

"நீ ஏன் எப்பமும் கெட்டதையே நினைக்க? மனசு உறுதியா இருந்தா ஒன்னும் ஆகாது. உறுதி இல்லாட்டா சும்மா இருந்தாலும் சாவு வரும்."

அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் அவளுக்கு அந்த மனுசன் மேல் இருந்த பயம், பாசம், இருபத்தாறு வருசப் பழக்கம் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கழன்று விழுந்து வெறும் இளக்காரம் மட்டும் மிஞ்சியது. அவள் குரலை உயர்த்தவில்லை. உங்களுக்கு வேண்டியது சிரமம்தானே, அருவிக்குப் பதிலாக நான் ஒன்று சொல்லுகிறேன், அதைச் செய்யுங்கள் என்றாள்.

"என்ன?"

"மைதீன்பிச்சை அண்ணன்ட்ட மன்னிப்புக் கேளுங்க."

கொம்பையாவின் முகம் சுருங்கிவிட்டது. மைதீன்பிச்சை அவர் கடையில் பத்தொன்பது வருசம் மெத்தை தைத்தவர். ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் கொம்பையாவின் பவழ மோதிரம் காணாமல் போனது. பஞ்சு அடைக்கிற இடத்தில் கழற்றி வைத்தேன், அங்கே இருந்தவன் நீதான் என்று சொல்லி, கடைவீதி பூராவும் பார்த்துக்கொண்டிருக்கக் கொம்பையா அவரைக் கன்னத்தில் அறைந்து வெளியே தள்ளினார். அன்றைக்குச் சாயங்காலம் உலகம்மாள் துணி ஊறப்போடும்போது மோதிரம் கொம்பையாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினாள். வெளியில் சொன்னால் முதலாளி கை நீட்டியது தப்பு என்று ஆகிவிடும், பேசாமல் இரு என்றார். அவளும் பேசாமல்தான் இருந்தாள். மோதிரம் ஏழு வருசமாக அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்கு அடியில் கிடக்கிறது. மெத்தைக்காரர் என்றால் வீட்டுக்குள் வந்து கூடத்தில் உட்கார்ந்துதான் பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். திருடன் என்று பெயர் வாங்கியவரை யார் கூடத்தில் உட்கார வைப்பார்கள். மைதீன்பிச்சை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கிழிந்த சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சிரமங்கிறது வேற, அசிங்கங்கிறது வேற," என்றார் கொம்பையா. "தண்ணியில நிக்கதுக்கும் தைக்கிறவன் காலுல விழுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மோதிரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மைதீன்பிச்சை வீட்டுக்குப் போனாள். எண்பத்தொன்பது நாள் குளிரும் பசியும் வெறுந்தரையும் பட்டு உரமேறிய உடம்பு, அந்தச் சந்தின் முனையில் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. கால் திரும்பு திரும்பு என்றது. இத்தனை நாளும் பட்டது எல்லாம் அவர் இழுத்துவிட்டது. இது அவளாகத் தேடிப் போவது. எப்படிப் போனாளோ, போய் நின்று, சாக்கு மூட்டைக்கு நடுவில் கோணூசியோடு உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் மோதிரத்தை வைத்தாள்.

மைதீன்பிச்சை மோதிரத்தைத் தொடவில்லை. "எங்க கிடந்துச்சு?"

"அவுக சட்டைப்பையில."

"எப்ப?"

"அன்னைக்குச் சாயங்காலமே பாத்துட்டேன் அண்ணே."

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். "அப்ப நீங்களும்தான் அடிச்சிருக்கீங்க," என்றார்.

ஆமாம் என்றாள். அழுகை வந்தது, அழவில்லை; அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டி வரும், அந்த வேலையையும் அவர் தலையில் வைக்கக் கூடாது என்று நின்றாள். காது மடல் சூடாகி, அந்தச் சந்தில் போகிற ஒவ்வொருவரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அவ்வளவும் அவளிடமே இருந்தது, ஒரு துளி கூட எங்கேயும் போகவில்லை. கொம்பையா அந்நேரம் கடையில் பஞ்சு மூட்டை மேல் சாய்ந்து மத்தியானத் தூக்கத்தில் இருந்தார், புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்போதுதான் உலகம்மாளுக்கு விளங்கியது: தண்ணீர் போகும், முள் போகும், பசி போகும், வெட்கம் மட்டும் போகாது, அது பட்டவரிடமே தங்கிவிடும். எழுபது சொச்சம் ஆம்பிளைகளும் அப்படி ஒன்றை மட்டும் எடுத்ததே இல்லை, அதனால் ஊருக்கு அது தெரிய வழியும் இல்லை.

"என்னை அடிச்ச இடத்துல, அதே பகல் நேரத்துல வந்து சொல்லட்டும்," என்றார் மைதீன்பிச்சை. "இந்த மோதிரத்தைப் போட்டுட்டு வரட்டும். நாளைக்கு வியாழக்கிழமை, பத்து மணிக்கு நான் கடை முன்னால நிப்பேன். வராட்டாலும் நிப்பேன்."

அவள் வந்து சொன்னதும் கொம்பையா ஆடிய ஆட்டத்தை எழுதிப் பிரயோசனம் இல்லை. மானத்தை வாங்கிவிட்டாய் என்றார், பிறந்த வீட்டுக்குப் போ என்றார், பதக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு தானே பொறுக்கிக்கொண்டார். அதற்குள் விஷயம் கடைவீதிக்குப் போய், கடைவீதியிலிருந்து வாகைவேந்தனுக்குப் போய், அவர் கார் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆள் கெட்டிக்காரர், எதையும் சபைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர். கதையை முழுசும் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இதுதான் நமக்குத் தொண்ணூறாவது நாள் நிகழ்ச்சி. தமிழ்நாட்டுலயே ஒருத்தரும் செய்யாத சிரமம். பேனர் போட்டுருவோம்."

"அசிங்கமா இருக்குமேய்யா."

வாகைவேந்தன் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் உலகம்மாளுக்குக் கேட்டது. "உங்களுக்கு எங்க அண்ணாச்சி தெரியப்போகுது? அருவியில தெரிஞ்சுதா? அதெல்லாம் வீட்டுல பாத்துக்கிடுவாங்க. நீங்க நாலு வார்த்தை சொல்லிட்டுக் கைதட்டு வாங்கிட்டு வாங்க."

கொம்பையா முகத்தில் தெளிச்சி வந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆமாம்ல, என்றார். இதற்குப் பதிலாக அருவி மண்டலத்திலிருந்து அவருக்கு விலக்கு என்று உலகம்மாள் கேட்க, வாகைவேந்தன் அதற்கென்ன, தந்தாச்சு என்றார். சந்தில் தனக்கு விளங்கியதை இவர்களுக்குச் சொல்லலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தாள், பிறகு போயும் போயும் இவர்களுக்கா என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை கடைவீதி கொள்ளாத கூட்டம். தீரத்தின் சிகரம் என்று கொம்பையா கைகூப்பிய பேனர் கட்டியிருந்தது, பேனரில் மைதீன்பிச்சை பெயர்கூட இல்லை. பச்சை பனியன்கள் இரண்டு வரிசையாக நின்றன. எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உலகம்மாளும் செண்பகம் டீச்சரும் மற்றப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன வந்து இறங்கப்போகிறதோ என்று பல பேர் கம்பளியையும் எடுத்து வந்திருந்தார்கள். உலகம்மாள் மட்டும் கையில் விளிம்புவரைக்கும் நிறைந்த ஒரு கிளாஸ் டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

கொம்பையா பனியனும் பதக்கமும் மோதிரமுமாக ராஜநடை நடந்து வந்தார். மைதீன்பிச்சை வெள்ளைச் சட்டையில், ஏழு வருசத்துக்கு முன்னால் நின்ற அதே படிக்குப் பக்கத்தில் நின்றார். வாகைவேந்தன் ஓடி வந்து கொம்பையாவின் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்ட, மைதீன்பிச்சை அதைக் கையால் ஒதுக்கினார்.

"இது வேண்டாம் முதலாளி. அன்னைக்கு மைக் வச்சா அடிச்சீங்க?"

கொம்பையா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள்ளிருந்து காற்றுத்தான் வந்தது. என்னவோ போல இருக்கவே, வழக்கமாக நடக்கிறது நடக்கட்டும் என்று டீக்கடைப் பக்கம் பார்த்தார். உலகம்மாள் நேரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் டீ ஆடவே இல்லை. கொம்பையாவின் முழங்கால் ஆடத் தொடங்கியது, பிறகு தாடை, பிறகு பதக்கம். எண்பத்தொன்பது நாள் சிரமத்தில் ஒரு நாளைக்கூடத் தன் உடம்பில் வாங்காதவருக்கு அந்த வெட்கம் பச்சைப்பிள்ளைக்கு வருகிற மாதிரி மொத்தமாக வந்தது. வேர்த்து ஊற்றி, காது சிவந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மோதிரத்தையே பார்த்தார். பச்சை பனியன்களுக்கும் விஷயம் அந்த நிமிசமே விளங்கிவிட்டது. ஆளாளுக்கு அவரவர் வீட்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தரும் நடுங்கவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் தங்கள் புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரிடமும் சொல்லிச் செய்ய வைக்க ஒரு சிரமம் இருந்தது. இரண்டாவது வரிசை முதலில் கலைந்தது. கடை திறக்கணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முனகிக்கொண்டு போன வழியில் பனியனைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். வாகைவேந்தனின் கார் புறப்படுகிற சத்தமும் கேட்டது. அருவிக்கு அதன்பிறகு குரங்குகள்தான் போயின.

கொம்பையா அங்கேயே நின்றார். போக வழியில்லை, பின்னால் கடை, முன்னால் மைதீன்பிச்சை.

"நான்... அன்னைக்கு அடிச்சது... தப்பு," என்றார்.

"கேக்கல முதலாளி."

"நான் அடிச்சது தப்பு. நீ எடுக்கல."

"இன்னும் சத்தமா." மைதீன்பிச்சை கடைவீதியின் அந்தக் கடைசியைக் கை காட்டினார். "அன்னைக்கு நீங்க அடிச்ச சத்தமும் போட்ட சத்தமும் தெப்பக்குளம் வரைக்கும் கேட்டுச்சு. அங்க உள்ளவங்கதான் இன்னைக்கும் என்னைய வீட்டுக்குள்ள விடுறதில்ல. அவங்களுக்கும் கேக்கணும்ல."

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. உலகம்மாள் டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை குரல் பாத்திரக்கடை வரைக்கும் போய் நின்றுவிட்டது. நாலாம் தடவை சொன்னபோதுதான் தெப்பக்குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.